ஒய்.பி. மிதவாதி, பிள்ளைக்கு வயது 17

கேள்வி:

ஐயா, நான் பட்டர்வொர்த்தில் தையல் வேலை செய்பவள். என் தம்பி மலேசியர். அவன் மனைவி இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் தாலி கட்டினார்கள். பதிவுத் திருமணம் பிள்ளை பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் நடந்தது. அதனால் தம்பி மகளின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகள் அல்லர்) என்று இருக்கிறது. சென்ற மார்ச்சில் அவளுக்கு 17 வயது நிறைந்தது. ஒரு முறை விண்ணப்பித்து, காரணம் எதுவும் கூறாத ஒற்றை வரி நிராகரிப்புக் கடிதம் வந்தது. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து 2023-இல் ஒரு குழு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள். இப்போது ஆறு பேர்தான் வருகிறோம். எங்கள் ஒய்.பி., அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், எங்கே பார்த்தாலும் நின்று பேசுகிறவர். கடந்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், “நான் மிதவாதி அக்கா, எல்லா இனத்தோடும் அனுசரித்துப் போகிறவன். நீங்கள் சத்தம் போட்டால் நான் உள்ளே பேசி வைத்திருப்பதெல்லாம் கெட்டுவிடும். தேர்தல் வரை பொறுங்கள்” என்றார். குழுவில் உள்ள இளைஞர்கள் அவருடைய சேவை மையத்தின் முன் மறியல் செய்ய வேண்டும் என்கிறார்கள். அவரை நம்பலாமா? தேர்தல் வரை இந்தக் குழுவை எப்படிக் கட்டிக் காப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

ஜார்ஜ்டவுனில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். குடியிருப்பாளர் குழுக்களும் பெற்றோர் குழுக்களும் என் அலுவலகப் படியேறி வந்து, பிஸ்கட் டின்னிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுடைய இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு விரிவாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவது கேள்வியில் ‘தேர்தல் வரை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிட அனுமதி கேட்கிறேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

‘மிதவாதி’ என்ற சொல்லுக்கு நம் நாட்டு அரசியலில் ஒரு வரலாறு உண்டு. 2010 செப்டம்பரில் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் பேசியபோது, உலக மிதவாதிகள் எல்லாரும் ஓர் இயக்கமாகத் திரள வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அதற்கென ஓர் அறநிறுவனமே தொடங்கப்பட்டது. நடுநிலை என்று பொருள்படும் ‘வசாத்தியா’ என்ற சொல் அந்த ஆண்டுகளில் மேடைதோறும் ஒலித்தது. அதே பிரதமர் 2012 ஜூலையில் தேச நிந்தனைச் சட்டம் ரத்து செய்யப்படும் என்று அறிவித்தார். 2013 மே மாதம் பொதுத் தேர்தல் நடந்து முடிந்தது. 2014 நவம்பரில், தம் கட்சியின் பொதுப் பேரவையில், அந்தச் சட்டம் நிலைத்திருக்கும், மேலும் வலுப்படுத்தப்படும் என்று அவரே கூறினார். 2015 ஏப்ரலில் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தமும் நிறைவேறியது. ஐந்து ஆண்டுக் காலத்தில் அவருடைய குரல் ஒரு முறைகூட உயரவில்லை. பேச்சு முதல் நாள் போலவே இதமாகத்தான் இருந்தது, சட்டம்தான் முன்னைவிடக் கடுமையானது. ஒருவர் எவ்வளவு மென்மையாகப் பேசுகிறார் என்பதை வைத்து அவருடைய மிதவாதத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நம் வீடுகளுக்கு மிக அருகில் நடந்தது. பெற்றோரில் ஒருவர் மதம் மாறினால், பிள்ளையை மாற்றுவதற்கு இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூறும் 88ஏ பிரிவு, திருமண மணவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவில் 2016 நவம்பரில் இடம்பெற்றிருந்தது. கணவர் இஸ்லாத்துக்கு மாறி, தாயின் சம்மதமின்றிப் பிள்ளைகளையும் மாற்றிய இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் நீண்ட வழக்கை அறிந்த எவரும் அந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிவர். 2017 ஆகஸ்டில் மசோதா நிறைவேறியபோது 88ஏ அதில் இல்லை. தங்களை மிதவாதிகள் என்று சொல்லிக்கொண்ட பலர் அன்று ஆளும் தரப்பில் அமர்ந்திருந்தார்கள். இருவரின் சம்மதமும் வேண்டும் என்பதைப் பிறகு கூட்டரசு நீதிமன்றம்தான் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. பண்டிகை உபசரிப்புகளில் எல்லாரும் மிதவாதிகளே. ஒரு பிரிவை வைப்பதா எடுப்பதா என்ற நாளில்தான், யார் எந்தப் பக்கம் என்பது எழுத்தில் பதிவாகிறது.

உங்கள் ஒய்.பி.க்கும் அப்படி ஒரு நாள் வந்து போயிருக்கிறது. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. அது பெரிய வெற்றி. அதே திருத்தம் வேறு சிலவற்றையும் செய்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் இயல்பாகவே குடிமக்களாகும் வழியை அது மூடியது. பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி விண்ணப்பிப்பதற்கான வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் குடும்பங்களில் சிவப்பு அட்டைத் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விவாதத்தில் உங்கள் உறுப்பினர் எழுந்து பேசினாரா, பேசினார் என்றால் இந்த இரண்டைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னாரா என்பதை, நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ அறிக்கையான ‘பென்யாத்தா ரஸ்மி’யில் அந்த நாளுக்குரிய பக்கங்களைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மலாயில் இருக்கும், குழுவில் உள்ள படித்த பிள்ளை ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். “உள்ளே பேசி வைத்திருக்கிறேன்” என்று சொல்பவர்கள் மிகப் பலர். உள்ளே பேசியது உண்மையானால், நம் நாட்டில் அதற்கென்றே ஓர் ‘உள்ளே’ இருக்கிறது. அங்கே பேசினால் அச்சில் வரும்.

அவர் யாரிடம் பொறுமையைக் கேட்கிறார் என்பதையும் சற்றுக் கவனியுங்கள். உண்மையான நடுநிலையாளர் இரு பக்கத்திடமும் விட்டுக்கொடுக்கச் சொல்வார். உங்களிடம் “பொறுங்கள்” என்றவர், அமைச்சரிடம் “இந்தப் பிள்ளைகளை இதற்கு மேல் காக்க வைக்காதீர்கள்” என்று என்றைக்காவது எழுதியிருக்கிறாரா? மேலிடத்திடம் மிதமாகவும் தாய்மார்களிடம் கண்டிப்பாகவும் இருப்பவருக்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் வேறு. மதில்மேல் பூனை கூட அல்ல, அது எந்தப் பக்கம் குதிக்கும் என்பது தெரியாது, இவர் எந்தப் பக்கம் குதிப்பார் என்பது தெரியும்.

ஆனாலும் உங்கள் உறுப்பினரை இப்போதே அந்தக் கணக்கில் எழுதிவிட நான் தயாராக இல்லை. அமைதியாகப் பேசுகிறவர்களில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மக்கள் பிரதிநிதி மேடையில் நான்கு வாக்கியம் கோவையாகப் பேசத் திணறுவார்; ஆனால் அவருடைய சேவை மையத்தில் ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும், கடைசியாக எந்த இலாகாவுக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது என்பது பென்சிலில் எழுதப்பட்டிருக்கும்; பதில் வந்ததும் அதை அழித்து அடுத்த தேதியை எழுதுவார்கள். அட்டையே அழித்து அழித்துச் சாம்பல் நிறமாகிவிட்ட கோப்புகளை அங்கே பார்த்திருக்கிறேன். அவரை மிதவாதி என்று அவரே சொல்லி நான் கேட்டதில்லை.

எனவே உங்கள் ஒய்.பி.க்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஆனால் அது எழுத்தில் இருக்கட்டும். மலாயில், ஒரே பக்கத்தில், மரியாதையான ஒரு கடிதம். அதில் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில், 15ஏ பிரிவின்கீழ் வந்த விண்ணப்பங்களில் எத்தனை நிலுவையில் உள்ளன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, நிராகரிப்புக்கு ஏன் காரணம் கூறப்படுவதில்லை என்று உள்துறை அமைச்சரிடம் எழுத்துவழிக் கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம் என்று முடித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இது சத்தம் இல்லாத செயல். அவர் விரும்பும் மிதமான வழியே இதுதான். கட்சி கோபித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லக்கூடும். 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் உள்ள கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியை விட்டு விலகித் தாவுகிறவரின் தொகுதியைத்தான் பறிக்கிறது. அமைச்சரிடம் கேள்வி கேட்டதற்காகத் தொகுதியை இழக்கச் சட்டத்தில் இடமில்லை. இவ்வளவு மலிவான உதவியையும் செய்ய மறுப்பவரிடம் நீங்கள் இன்னும் எதை எதிர்பார்க்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இனி, தேர்தல். 2022 டிசம்பர் 19 அன்று முதன்முறையாகக் கூடிய இன்றைய மக்களவையின் ஐந்தாண்டுத் தவணை 2027 டிசம்பரில் முடிகிறது. கலைந்த 60 நாள்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். ஆக, கடைசி எல்லை 2028-இன் தொடக்கம். அதற்கு முன் எந்த நாளிலும் பிரதமர் கலைப்புக்கு ஆலோசனை கூறலாம். ஓர் ஆண்டு முன்னேயோ பின்னேயோ போகக்கூடிய, உங்கள் கையில் இல்லாத ஒரு நாளை நோக்கிக் குழுவை இழுத்துச் செல்லப் பார்க்கிறீர்கள். ஆட்கள் களைத்துப் போவதில் வியப்பில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து, தேர்தலை எல்லையாகக் கொண்ட குழுவைத் தேர்தலே விழுங்கிவிடும் என்பது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வெள்ளப் பிரச்சினைக்காகத் தொடங்கிய குழுவுக்கு ஆலோசகராக இருந்தேன். அறுபது குடும்பங்கள், வாரந்தோறும் கூட்டம், நல்ல வேகம். 2004 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு பிரமுகர் வந்து குழுவுக்கு மானியம் அறிவித்தார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதில் தொடங்கிய மனத்தாங்கல், பணம் வந்து சேர்வதற்குள் குழுவை இரண்டாக்கியது. வாக்களிப்பு முடிந்த பிறகு ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வேலையாக அந்த மண்டபத்துக்குப் போயிருந்தேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்த அந்தக் காசோலை அட்டையின் மறுபக்கத்தில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று எழுதி வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கால்வாய் அப்படியே இருந்தது. ஆகவே உங்கள் ஒய்.பி. மானியம் என்று எதையாவது நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு, ரிங்கிட்டுக்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேட்டுத் தரும்படி சொல்லுங்கள்.

பெரிய அளவிலும் இதைக் கண்டோம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காகத் திரண்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணியில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றவர்கள், அடுத்த மூன்றரை மாதத்தில், 2008 மார்ச் 8 தேர்தலில், ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழப்பதையும் பினாங்கு உட்பட நான்கு மாநில ஆட்சிகள் கைமாறுவதையும் பார்த்தார்கள். அந்த அலையின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தலைவர்கள் ஐவர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டதையும், இயக்கம் 2008 அக்டோபரில் தடை செய்யப்பட்டதையும் மறந்துவிட்டுப் பேசுவதும் நியாயமாகாது. ஆனால் தேர்தலுக்கு மறுநாள் என்ன செய்வது என்பதற்கு அதற்குள்ளேயே பல விடைகள் இருந்தன. ஒரு பிரிவு 2013 ஏப்ரலில் அதே தேசிய முன்னணியுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது; அதன் தலைவர் துணையமைச்சராகி, 2014 பிப்ரவரியில் பதவி விலகினார்.

இதற்கு எதிர்மாறான உதாரணம் 18 வயதில் வாக்குரிமை கேட்ட ‘உண்டி 18’ இளைஞர்கள். 2016-இல் தொடங்கினார்கள். 2018-இல் ஆட்சி மாறியது, அவர்கள் கலையவில்லை. 2019 ஜூலையில் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது; வெற்றி என்று வீட்டுக்குப் போகவில்லை. 2020-இல் மறுபடியும் ஆட்சி மாறி, 2021-இல் நடைமுறைப்படுத்துவது தள்ளிப் போனபோது, நீதிமன்றத்துக்குப் போனார்கள். சரவாக் இளைஞர்கள் தொடுத்த வழக்கில் கூச்சிங் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு இறுதிக்குள் அமல்படுத்த உத்தரவிட்டது; 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. தேர்தலைப் பற்றியே போராடியவர்கள் தேர்தல் நாளைப் பார்த்துக் கொடி கட்டவில்லை. குடியுரிமை விஷயத்திலும், கைவிடப்பட்ட குழந்தைகளையும் நாடற்றவர்களாகப் பிறக்கும் குழந்தைகளையும் பாதித்திருக்கக்கூடிய இரண்டு திருத்தங்களை அரசாங்கம் 2024 மார்ச்சில் கைவிட்டதே, அப்போது பொதுத் தேர்தல் கண்ணுக்கெட்டிய தூரத்திலும் இல்லை. தாய்மார்களும் வழக்கறிஞர்களும் விடாமல் கொடுத்த நெருக்கடிதான் காரணம்.

உங்களுக்கும் சொந்தமாக ஒரு நாள்காட்டி இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாகக் கருதினால் வயது வரம்புக்குட்பட்ட எவரையும் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த வரம்பை இனி 18 என்றே வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதலில் வந்த 40 பேரின் பிள்ளைகளையும் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, விண்ணப்பித்த தேதி, வந்த பதில், அடுத்து செய்ய வேண்டியது ஆகியவற்றை எழுதி, 18-ஐ நெருங்கும் பிள்ளை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். வரிசையில் முதலில் உள்ள பிள்ளையின் வேலைதான் அந்த மாதக் குழுவின் வேலை. வாரக் கூட்டம் வேண்டாம். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். இலாகா முகப்பிடத்துக்கு எந்தத் தாயும் தனியாகப் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் வையுங்கள். ஒருவருக்குத் துணையாக இன்னொருவர் போவதும், கொடுத்த தாள்களுக்கு ரசீது கேட்டு வாங்குவதும் பழகிவிட்டால், கூட்டத்துக்கு வராதவர்களும் தங்கள் பிள்ளையின் முறை வரும்போது வருவார்கள். வராத 34 பேர் மனம் மாறியவர்கள் என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் தங்கள் பிள்ளையின் பெயர் ஒரு முறைகூட வராததால் நின்றவர்களாகவும் இருக்கலாம்.

ஆறு பேராகக் குறைந்துவிட்டோம் என்று வருந்தியிருக்கிறீர்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால்தான் அது சங்கம். பதிவு, ஆண்டுக் கணக்கு, பொதுக் கூட்டம் என்ற பாரமெல்லாம் அப்போதுதான் வருகிறது. ஏழாவது ஆள் சேரும் நாளில் என்னிடம் வாருங்கள், பதிவைப் பற்றிப் பேசலாம். அதுவரை ஆறு பேர் ஆறு பேராகவே வேலை செய்யலாம்.

இளைஞர்களின் மறியலுக்கு இப்போது நான் உடன்படவில்லை. சட்டத் தடை இருப்பதால் சொல்லவில்லை. அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி ஐந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அதை முறையாகவே நடத்தலாம். பதில் வராத மூன்று கடிதங்களின் நகல் கையில் இருக்கும்போது செய்யும் மறியலும், கடிதமே எழுதாமல் செய்யும் மறியலும் ஒன்றாகாது. இரண்டாவதை அவர் “இவர்கள் தீவிரவாதிகள், நான் மிதவாதி” என்று சொல்லிக் கடந்துவிடுவார். அந்த வசதியை அவருக்கு நீங்கள் ஏன் செய்து தர வேண்டும்? அதுபோலவே, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாராவது அவரை ‘இனத் துரோகி’ என்று எழுதினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அவதூறு வழக்கும், 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் வெறும் பயமுறுத்தல்கள் அல்ல. என்னிடம் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேர்தல் வரும்போது வரட்டும். வேட்பாளர்கள் எல்லாருக்கும், உங்கள் ஒய்.பி. உட்பட, ஒரே கேள்வியை ஒரே நாளில் எழுத்தில் அனுப்பி, வந்த பதிலையும் வராத மௌனத்தையும் அப்படியே குடும்பங்களுக்குப் படித்துக் காட்டுங்கள். யாருடைய தேர்தல் நடவடிக்கை அறையிலும் குழுவின் பெயரில் போய் உட்காராதீர்கள். தனிப்பட்ட முறையில் யாருக்கு வேலை செய்வதும் அவரவர் உரிமை.

உங்கள் தம்பி மகளின் கோப்பை இதற்கெல்லாம் காத்திருக்க விடக் கூடாது. நிராகரிக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. மூலப் பிறப்புப் பத்திரம், தம்பியின் அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், தாயின் கடப்பிதழ், அவள் முதலாம் ஆண்டிலிருந்து இங்கேதான் படித்தாள் என்பதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, அந்த நிராகரிப்புக் கடிதம், இவற்றோடு கோயிலில் தாலி கட்டியபோது எடுத்த படம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, பினாங்கில் உள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்துக்கு முதலில் போங்கள். அங்கே கட்டணச் சுமை இல்லாமல் பார்ப்பார்கள். படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். மகளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். பதினேழு வயதுப் பெண், தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தானே ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.